பத்தொன்பது இன்ச் பதவி உயர்வு

சக்கரத்தைக் கண்டுபிடித்தது மனித குலத்தின் மாபெரும் சாதனை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். உருட்டிவிட்டால் உருளும் ஒன்றைக் கண்டுபிடிப்பதில் என்ன பெருமை இருக்கிறது? அந்தச் சக்கரத்துக்குப் பதவி கொடுத்தது யார் என்பதல்லவா கேள்வி! பாலைநிலச் சேவைத் துறை கொடுத்தது. உலக வரலாற்றில் அத்துறைக்கு உரிய பக்கம் இன்னும் காலியாகவே இருக்கிறது.

துறையின் 'சக்கரத் தகுதி ஆணை' குழப்பமே இல்லாதது. இயக்குநரின் வண்டிக்கு இருபது இன்ச் ரிம். முதன்மை நிலையங்களின் வண்டிகளுக்குப் பத்தொன்பது. துணை நிலையங்களுக்குப் பதினைந்து. அதற்கும் கீழே இருப்பவர்களுக்குக் கால்கள் இருக்கின்றன. டயரின் பக்கவாட்டில் மூன்று எண்கள் அச்சிட்டிருப்பார்கள்: அகலம், ரப்பர் சுவரின் உயரம், உள்ளே இருக்கும் ரிம்மின் அளவு. துறை கடைசி எண்ணை மட்டும்தான் படிக்கும். அதுதான் பெயர், முன்னால் இருப்பவை இனிஷியல்.

இந்த ஆணையின் மகிமையை வீட்டில் வைத்து அனுபவித்தவர் ஒருவர் உண்டு. துறையில் கோப்புகளுக்குக் குறிப்பு எழுதும் எழுத்தர் அவர். அவருடைய மனைவி நர்ஸ். மணல்மேடுகளுக்கு அப்பால், எண்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மருத்துவ நிலையத்துக்குப் பதினைந்து நாள் முறைப்பணிக்குப் போனவள் ஏழு வாரமாகியும் திரும்பவில்லை. மாற்று நர்ஸ் போய்ச் சேர்ந்தால்தான் இவள் திரும்ப முடியும். மாற்று நர்ஸ் துறையின் வண்டியில்தான் போக வேண்டும். உப்பு லாரிக்காரர்கள் வாரம் ஒருமுறை சுற்றுவழியில் அந்தப் பக்கம் போய்த் தண்ணீரும் அரிசியும் இறக்கிவிட்டு வந்தார்கள். ஆனால் உப்போடு நர்ஸையோ மருந்தையோ ஏற்ற விதியில் இடமில்லை.

அந்த நிலையத்தின் வண்டி ஒன்பது வருடம் பதினைந்து இன்ச் சக்கரத்தில் ஒழுங்காக ஓடியது. அதனால் யாருமே அதைக் கவனிக்கவில்லை. அவளைக் கொண்டுபோய் விட்டு வந்த பிறகு ஒருநாள் நிலையம் தரம் உயர்ந்தது. ஒரு மேசை, இரண்டு கட்டில், ஒரு நர்ஸ் எல்லாம் அப்படியே இருக்க, பலகையில் 'துணை' என்பதை அழித்து 'முதன்மை' என்று எழுதினார்கள். நிலையம் உயர்ந்தால் வண்டி உயராமல் இருக்கலாமா? பத்தொன்பது இன்ச் சக்கரங்கள் வந்தன. இயக்குநர் ரிப்பன் வெட்டினார். புகைப்படத்தில் சக்கரங்கள் அவரைவிட நன்றாக விழுந்திருந்தன.

அதற்குப் பிறகு வண்டி நான்கு முறை புறப்பட்டது. நான்கு முறையும் முதல் மணல்மேட்டிலேயே அச்சு வரை புதைந்து உட்கார்ந்துகொண்டது. பதவி உயர்ந்ததும் உட்கார்ந்துவிடுவது இயல்புதானே.

மதிய இடைவேளையில் அலுவலகத் தொலைபேசி அடித்தது.

"என்னங்க, கேக்குதா? சிக்னலுக்காகத் தண்ணித் தொட்டி மேல நிக்கிறேன். காத்து தள்ளுது, சீக்கிரம் பேசுங்க."

"கேக்குது, கேக்குது. வர்ற வியாழக்கிழமை வண்டி கண்டிப்பா கிளம்புது."

"கிளம்பறதைப் பத்தி நான் என்னைக்காவது குறை சொன்னேனா? வந்து சேர்றதைப் பத்திச் சொல்லுங்க."

"குழு போட்டிருக்காங்க."

"இங்க காய்ச்சல் மாத்திரை இன்னும் இருபது இருக்கு. அதுக்கப்புறம் வர்றவங்களுக்கு ஆறுதல்தான் குடுக்கணும். டூத்பேஸ்ட்டைக் கத்தரியால வெட்டி வழிச்சுத் தேய்ச்சேன், அதுவும் நேத்தோட சரி. உங்க குழுகிட்ட இதைச் சொல்லுங்க."

"பாப்பாவுக்கு ரெண்டாவது பல்லும் விழுந்துடுச்சு."



"எடுத்து வச்சிருக்கீங்களா?"

"ரெண்டையும் தனித்தனி கவர்ல போட்டு, மேல தேதி எழுதி வச்சிருக்கேன்."

"நீங்க அதைத்தான் செய்வீங்க" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் அறுந்தது. சிக்னல் போய்விட்டதா, வேறு ஏதாவதா என்று அவருக்குத் தெரியவில்லை. சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு வண்டிக் கொட்டகைக்குப் போனார்.

டிரைவர் வண்டியின் நிழலில் உட்கார்ந்து காலணியிலிருந்து மணலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இது ஏன் போக மாட்டேங்குது?"

"ரிம்மு பெருசாக ஆக ரப்பர் சுவரு குட்டையாயிடும் சார். மண்ணுல இறங்கறதுக்கு முன்னாடி டயர்ல காத்தைப் பாதியாக் குறைக்கணும். சுவரு உயரமா இருந்தா டயர் மெத்தை மாதிரி விரிஞ்சு, மண்ணு மேல படுத்துக்கிட்டே போயிடும். இதுல குறைக்க என்ன இருக்கு? ரிம்முக்கு வளையல் போட்ட மாதிரி இத்துனூண்டு ரப்பர். காத்தை இறக்கினா ரிம்மு தரையில இடிக்குது. இறக்கலைன்னா வண்டி மண்ணுக்குள்ள போகுது. ஹை ஹீல்ஸ் போட்டுக்கிட்டு மண்ணுல ஓடச் சொன்னா யார்தான் ஓடுவாங்க?"

"இதைக் குழுகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேனே. நான் எந்த வருஷம் பிரமோஷன் வாங்கினேன்னு கேட்டாங்க."

"பழைய சக்கரம் எங்க?"

"கிடங்குல நாலும் பத்திரமா இருக்கு. மாட்ட முக்கால் மணி நேரம்."

"அப்ப மாட்டிடலாமே!"

"ஆர்டர் கொண்டு வாங்க சார்" என்றார் டிரைவர், மற்றக் காலணியைக் கழற்றியபடி. "முக்கால் மணி நேரம்."

எழுத்தர் இரண்டு பக்கத்துக்குக் குறிப்பு எழுதி இயக்குநரின் முன்னால் வைத்தார். இயக்குநர் கெட்டவர் அல்ல. எவரையும் நிற்க வைத்துப் பேச மாட்டார். உட்கார வைத்துத்தான் மறுப்பார்.

"பத்தொன்பதுலேருந்து பதினஞ்சா? அது பதவி இறக்கமாச்சே. வண்டி என்ன தப்பு பண்ணுச்சு?"

"தப்பு எதுவும் பண்ணலை சார். அளவுதான் மண்ணுக்கு ஒத்து வரலை."

"தப்பு பண்ணாத ஒருத்தரைத் தண்டிக்கச் சொல்றீங்களா? நம்ம துறையில அப்படி ஒரு கறை படிய நான் விட மாட்டேன்." அவர் இன்னொரு கோப்பைத் திறந்தார். "குழு அறிக்கை குடுத்திருக்கு. முதன்மை நிலையத்துக்கு உண்டான கம்பீரம் வண்டிக்குப் பத்தலையாம். அதனாலதான் மணல் மதிக்கலை. இருபத்தொண்ணு போடச் சொல்றாங்க."

"இருபத்தொண்ணா? உங்க வண்டியே இருபதுதானே சார்?"

"அதைத்தான் யோசிச்சிட்டு இருக்கேன்" என்றார் இயக்குநர் கவலையோடு. "எனக்கு இருபத்திரண்டு வாங்கின பிறகுதான் அதுக்குக் குடுக்க முடியும். வர நாலு மாசம் ஆகும். அதுவரைக்கும் பொறுத்துக்கச் சொல்லுங்க."

யாரைப் பொறுத்துக்கொள்ளச் சொன்னார் என்று அவர் விளக்கவில்லை. எழுத்தருக்கு மட்டும் தண்ணீர்த் தொட்டி ஞாபகம் வந்தது.

மறுநாள் காலை மகளுக்குத் தலை பின்னும்போதும் நான்கு மாதம் என்பதே மனத்தில் ஓடியது. அவர் பின்னும் சடை பின்னலாக வராது. கோப்புக்கு நாடா கட்டியது போல் நடுவில் ஒரு முடிச்சோடு நிற்கும்.

"அப்பா, வலிக்குது. நான் என்ன தப்பு பண்ணேன்?" என்றாள் மகள்.

எழுத்தரின் கை நின்றது. தப்பு! வண்டி தப்பு செய்யாததுதானே தடை? தப்பு செய்திருந்தால்? ஏழு வாரமாக அந்த வண்டி செய்தது வேறு என்ன? முடிச்சை அவசரமாக அவிழ்த்துவிட்டு, மகளின் தலையை விரித்துப் போட்டபடியே பள்ளிக்கு அனுப்பினார். அலுவலகத்துக்கு அரை மணி முன்னதாகப் போய், தன் வாழ்நாளின் மிகச் சிறந்த குறிப்பை எழுதினார். அது ஒரு குற்றப்பத்திரிகை.

அதில் மூன்று குற்றச்சாட்டுகள் இருந்தன. பணி நேரத்தில் மணலில் படுத்துக்கிடந்தது. நான்கு முறை மேலதிகாரியின் பயண ஆணைக்குக் கீழ்ப்படியாமல் திரும்பியது. பதவி உயர்வு பெற்ற பின் வேலையில் அக்கறை குறைந்தது. மூன்றாவதைப் படித்த இயக்குநரின் முகம் சிவந்தது. "இந்தத் துறையில இப்படி ஒருத்தரா!" என்றார்.

விசாரணை மறுநாளே தொடங்கியது. குற்றம் சாட்டப்பட்டவர் மாடிப்படி ஏற இயலாதவர் என்பதால், குழு மேசை நாற்காலிகளோடு கொட்டகைக்கு இறங்கி வந்தது. இயக்குநர் குற்றச்சாட்டுகளைக் கணீரென்று வாசித்தார்.

"இதுக்கு நீங்க என்ன சொல்றீங்க?"

வண்டி எதுவும் சொல்லவில்லை.

"நான் வேணா ஹாரன் அடிக்கட்டுமா சார்?" என்றார் டிரைவர்.

"பதிலைச் சொல்லிக் குடுக்காதீங்க! முதல்ல இவரை சஸ்பெண்ட் பண்ணுவோம்."

"அதுக்கு ஏற்கெனவே நாலு பக்கமும் சஸ்பென்ஷன் இருக்கு சார். அதுவும் கொஞ்சம் தொங்கிப்போய்த்தான் இருக்கு."

"அப்படியா?" இயக்குநர் குறித்துக்கொண்டார். "முன்பும் தண்டனை பெற்றவர்."

எழுத்தர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். பதினைந்து இன்ச்சுக்கு இறக்கினால் மட்டும் போதாது, அது மனத்தில் உறைக்க வேண்டும், ஆகவே மணல் பகுதிக்குள் இருக்கும்வரை வண்டிக்கு வழங்கப்படும் காற்றையும் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொண்டார்.



"காத்தைக்கூடவா?" என்றார் இயக்குநர். அவருடைய குரல் இளகியிருந்தது. "ரொம்பக் கடுமையாத் தெரியலையா?"

"செஞ்ச தப்பு அப்படி சார்."

இயக்குநர் பெருமூச்சோடு கையெழுத்திட்டார். டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கப் பழைய சக்கரங்களை உருட்டிவந்தார். அவர் அழுகிறார் என்று குழு நினைத்தது. முக்கால் மணி நேரம் என்று சொன்னவர், நாற்பது நிமிடத்தில் முடித்தார்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு மாற்று நர்ஸையும் மருந்துப் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு, பதவியிழந்த வண்டி அரைக் காற்றில் முதல் மேட்டைத் தாண்டியது. இரண்டாவதையும் தாண்டியது. அதற்குப் பிறகு டிரைவர் எண்ணுவதை நிறுத்திவிட்டுப் பாட ஆரம்பித்தாராம். மாலை நாலரைக்கு வண்டி அலுவலக வாசலில் வந்து நின்றது. முகமெல்லாம் மணலோடு இறங்கிய நர்ஸ், ஓடிவந்த மகளைத் தூக்கி முதலில் வாயைத் திறந்து பார்த்தாள். பிறகு பின்பக்கம் திருப்பிச் சடையைப் பார்த்தாள்.

"இது யாரோட வேலை?"

"துறையோடது" என்றார் எழுத்தர்.

கதை இங்கே சுபமாக முடிந்திருக்கும். ஆனால் நல்ல வேலைக்குப் பரிசு கொடுக்காமல் விடும் துறையா அது? அடுத்த இரண்டு மாதத்தில் வண்டி ஆறு முறை சொன்ன நேரத்துக்குப் போய் வந்தது. ஆறாவது முறை, நிலையத்தைப் பார்வையிடக் கிளம்பி முதல் மேட்டில் புதைந்திருந்த இயக்குநரின் இருபது இன்ச் வண்டியைக் கயிறு கட்டி வெளியே இழுத்தும் போட்டது. இயக்குநர் நெகிழ்ந்துபோனார். திரும்பி வந்ததும் தன் கையாலேயே கோப்பில் எழுதினார்: 'தண்டனையால் திருந்தியவர். மீண்டும் பத்தொன்பதுக்கு உயர்த்தலாம். குறிப்பு எழுதி அனுப்பவும்.'

எழுத்தர் கோப்பை வீட்டுக்கு எடுத்து வந்தார். மனைவி துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை மறுபடியும் அவளுடைய முறை. கோப்பைப் படித்துவிட்டு அவள் பையின் மேலேயே உட்கார்ந்தாள்.

"இந்தத் தடவை எத்தனை வாரத்துக்குத் துணி எடுத்து வைக்கட்டும்?"

"நான் என்ன செய்யட்டும்? நல்லா நடந்துக்கிட்டா உயர்த்தணும்னு விதி."

"அப்ப நல்லா நடந்துக்கலைன்னு எழுதுங்க. பேனாவை எடுங்க, நான் சொல்றேன். கீழ இருக்கிற ஒருத்தர், மேலதிகாரியை நாலு பேர் பாக்கக் கயிறு கட்டி இழுத்தார்."

எழுத்தர் எழுதினார். "ஒண்ணு போதாது. இன்னொண்ணு சொல்லு."

"ரெண்டாவது, சொன்ன நேரத்துக்கு வந்து நிக்குது. யாரையும் காக்க வைக்கிறதே இல்ல. உங்க ஆபீஸ்ல இதைவிடப் பெரிய மரியாதைக் குறைவு இருக்கா?"

இயக்குநர் அதை வருத்தத்தோடு படித்தார், தண்டனையை நீட்டித்தார். இப்போதும் ஒவ்வொரு மாதமும் எழுத்தர் தவறாமல் ஒரு புதிய புகார் கொடுத்துவருகிறார். துறையில் மொத்தம் நாற்பது வண்டிகள். முப்பத்தொன்பது வண்டிகள் நன்னடத்தைச் சான்றிதழும் பதவி உயர்வும் பெற்று, பெரிய பெரிய சக்கரங்களோடு கொட்டகையில் பளபளவென்று நிற்கின்றன. நோயாளிகளிடம் போய்ச் சேருவது ஒன்றே ஒன்றுதான். அது இன்னும் தண்டனையில் இருக்கிறது.