இந்தியாவில் இரண்டு பேருக்கு மட்டுமே தெரிந்த மொழி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழாம் வருஷம், தவக்காலத்தின் முதல் வெள்ளிக்கிழமையன்று, ஆங்கிலப் பேராசிரியர் ஜெபசீலன் ஒரு சபதம் எடுத்தார்.

"இனிமே ஒரு கவிதைகூட எழுத மாட்டேன்!"

தமிழ் பிழைத்தது என்று நினைத்துவிடாதீர்கள். சபதத்தில் இன்னொரு பாதி இருந்தது. "மொழிபெயர்ப்பேன்!"

விஷயம் இதுதான். தாம்பரத்துக் கல்லூரி ஒன்றில் அவர் பதினாறு வருஷமாக லெக்சரர். அடுத்த படியான ரீடர் ஆக வேண்டுமென்றால் பேர் சொல்ல ஒரு புத்தகம் வேண்டும். அவருடைய கவிதைகளோ, பல்லாவரத்தில் 'உப்புக்கல்' பத்திரிகை நடத்திய ராஜகோபாலிடம் போய், போன வேகத்தில் திரும்பி வந்தன. கூடுவாஞ்சேரிக்குப் போன ரயில்கூட அவ்வளவு ஒழுங்காகத் திரும்பி வந்ததில்லை. ஆனால் அதே ராஜகோபால், வெளிநாட்டுக் கவிதை என்றால் மேல் அட்டையிலேயே போடுவார். புரியாவிட்டால் இரண்டு பக்கம்.

ஆகவே ஜெபசீலன் ஒரு வெளிநாட்டுக் கவிஞனை உண்டாக்கினார். பெயர் குஸ்தாவ் ப்ரோம்பல். முன்பாதி கல்லூரி நூலகத்தில் எவரும் தொடாத தடிப் புத்தகத்திலிருந்து வந்தது. பின்பாதி இருமல் மருந்துப் புட்டியிலிருந்து வந்தது. ஊர், வெர்னீசியத் தீவு. வருஷத்தில் பதினோரு மாதம் பனி. மிச்ச ஒரு மாதம் பனி உருகுகிற சத்தம். மொழி வெர்னீசியம். அதைப் பேச நான்காயிரம் பேர், படிக்க இந்தியாவில் ஒரே ஒருவர்.

அதோடு நிறுத்தியிருந்தால் அவர் பிழைத்திருப்பார். குஸ்தாவுக்கு ஒரு பெண்டாட்டியையும் உண்டாக்கினார். பெயர் ஹெல்கா.

ஜெபசீலனின் மனைவி அருள்மேரி தபாலாபீசில் கவுண்ட்டர் கிளார்க். வெள்ளிக்கிழமை வீட்டில் கறி கிடையாது. வேலை விட்டு நேராகப் பல்லாவரம் சந்தைக்குப் போய்க் கருவாடு வாங்கி வருவாள். அவள் வைக்கும் குழம்பு இரும்புலியூர் வரைக்கும் மணக்கும். அதைப் பற்றி அவளிடம் நேருக்கு நேர் சொல்லப் பதினாறு வருஷமாக வராத தைரியம், குஸ்தாவுக்கு ஒரே ராத்திரியில் வந்துவிட்டது.

*வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.*
*என் வீட்டுச் சட்டியில்*
*கடல் செத்துக் கிடக்கிறது.*
*ஹெல்கா, ஜன்னலைத் திற.*

ராஜகோபால் மேல் அட்டையில் போட்டார். "உலகக் கவிதையின் உறைபனிக் குரல்" என்று குறிப்பு வேறு. குஸ்தாவ் மாதாமாதம் ஹெல்காவை வைதான். அவள் குரலை, அவள் அண்ணனை, அவள் குறட்டையை. ஜெபசீலன் இரண்டு கிலோ எடை கூடினார்.

ஆறாம் மாதம் 'உப்புக்கல்' வந்தது. மேல் அட்டையில் குஸ்தாவ் இல்லை. "ஹெல்கா ப்ரோம்பல் கவிதைகள். வெர்னீசியத்திலிருந்து நேரடித் தமிழாக்கம்: சவுரிமுத்து அருள்மேரி."

சவுரிமுத்து ஜெபசீலனின் மாமனார்.

*கடல் சாகவில்லை, குஸ்தாவ்.*
*உன் மூக்குதான் அடைத்திருக்கிறது.*
*மூன்று தட்டுச் சோறு தின்று*
*நான்காவதற்கு நீட்டிய கையால்தான்*
*இந்தக் கவிதையை எழுதினாய்.*

ஜெபசீலன் பத்திரிகையும் கையுமாகச் சமையலறைக்குள் பாய்ந்தார். அருள்மேரி புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"மேரி! இன்னா இது?"

"கவிதைங்க. உங்களுக்குத் தெரியாததா?"

"உனக்கு வெர்னீசியம் தெரியுமா?"

"ஏன், ஆம்பளைங்களுக்கு மட்டும்தான் வருமா அது?"

"எப்போ கத்துக்கினே?"

"நீங்க கத்துக்கிட்ட அன்னிக்குத்தான்."

"எந்தப் புஸ்தகத்தைப் பார்த்து?"

"நீங்க பார்த்த அதே புஸ்தகம்தாங்க."

"அப்படி ஒரு புஸ்தகமே..."

"இல்லையா? சொல்லுங்க. இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. ராஜகோபால் சாருக்கு இப்பவே ஒரு கார்டு போட்டுடறேன்."

"இருக்கு, இருக்கு," என்றார் ஜெபசீலன். "நல்ல புஸ்தகம்."

ஹெல்கா இல்லை என்றால் குஸ்தாவ் இல்லை. குஸ்தாவ் இல்லை என்றால் ரீடர் வேலை இல்லை. வேறு வழியே இல்லாமல் ஜெபசீலன் ஒரு கொலை செய்யத் தீர்மானித்தார். அடுத்த மாதம் குஸ்தாவின் இரங்கற்பா வெளியாயிற்று.

*ஹெல்கா போய்விட்டாள்.*
*பனி அவளை மூடிவிட்டது.*
*அடுப்பு கடைசியாக அமைதியாயிற்று.*

பல்லாவரமே கண்ணீர் விட்டது. ராஜகோபால் கறுப்புக் கட்டம் போட்டு அச்சடித்திருந்தார். ஜெபசீலன் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார். அதற்கடுத்த மாதம் ஹெல்கா எழுதினாள்.

*அம்மா வீட்டுக்குப் போனேன்.*
*நாலே நாள்.*
*அதற்குள் கல்லறை கட்டிவிட்டான்,*
*அடுப்புப் பற்றவைக்கத் தெரியாதவன்.*

'உப்புக்கல்' முதல்முறையாக இரண்டாம் பதிப்புக் கண்டது. சூட்டோடு சூடாக ராஜகோபால் குஸ்தாவின் கவிதைகளைத் தனிப் புத்தகமாகவும் போட்டார். குன்றத்தூரிலிருந்து பெண்கள் ஹெல்காவுக்கு மணியார்டரே அனுப்பினார்கள் என்று சொல்வார்கள். அப்படியே குழம்பு வைக்கப் பெரிய பானை ஒன்றும் வந்ததாம்.

இந்தச் சமயத்தில்தான் பிரின்சிபால் சின்னப்பன் கூப்பிட்டனுப்பினார்.

"ஜெபசீலன், கங்கிராஜுலேஷன்ஸ்! உங்க குஸ்தாவ் புக்கைப் பார்த்து கமிட்டி அசந்துபோச்சு. ரீடர் போஸ்ட் உங்களுக்குத்தான்."

"தேங்க் யூ சார்!"

"ஒரே ஒரு ஃபார்மாலிட்டி. வெர்னீசியம் தெரிஞ்சவங்க யாராவது, ட்ரான்ஸ்லேஷன் கரெக்ட்டுனு ரிப்போர்ட் தரணும். விசாரிச்சோம். இந்தியாவுலேயே ரெண்டு பேருக்குத்தான் தெரியுமாம். ஒண்ணு நீங்க. இன்னொண்ணு யாரோ சவுரிமுத்து அருள்மேரின்னு ஒரு லேடி. 'உப்புக்கல்' விலாசத்துக்கு லெட்டர் போட்டுட்டோம். உங்களுக்கு அவங்களைப் பழக்கமா?"

சின்னப்பன் அந்த லேடியின் கையால் மூன்று கிறிஸ்துமஸ் பிரியாணி சாப்பிட்டவர். ஆனால் அவருக்கு அவள் 'மிஸஸ் ஜெபசீலன்'. சொந்தப் பெயர் ஒன்று இருக்கும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

"லேசாப் பழக்கம் சார்," என்றார் ஜெபசீலன்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நுழைந்தார், சத்தம் வராமல் இருக்க. அருள்மேரி நாற்காலியில் சாய்ந்து, கமிட்டி அனுப்பிய கடிதத்தால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"மேரி கண்ணு..."

"வெளி ஆளுங்களோட இதைப் பத்தி நான் பேசக்கூடாதுங்க. 'ரகசியம்'னு போட்டிருக்கு."

"நான் வெளி ஆளா?"

"நீங்க குஸ்தாவ் பக்கத்து ஆளு. நான் குறட்டை விடற ஹெல்கா பக்கத்து ஆளு."

"தப்புதான். அந்தக் குறட்டை... குஸ்தாவ் சொன்னது."

"அவரை வந்து சொல்லச் சொல்லுங்க, மன்னிச்சுடறேன்."

"பதினாறு வருஷம் மேரி. என் ஸ்டூடண்ட் ஏசுபாதம் போன வருஷம் ரீடர் ஆயிட்டான். என்னைப் பார்த்தா இப்ப அவன் நாற்காலியில உக்காந்தபடியே 'வாங்க'ங்கறான்."

அருள்மேரியின் விசிறல் நின்றது. அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பேனாவைத் தேடினாள்.

அறிக்கை மூன்றே வாக்கியம். "வெர்னீசியம் எனக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவு பேராசிரியர் ஜெபசீலனுக்கும் தெரியும். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் இல்லறக் கவிதைகளில் மூலத்தை விட்டு விலகுகிறார், ஆகையால் இனி ஒவ்வொரு மொழிபெயர்ப்பும் அச்சேறுமுன் நிபுணர் பார்வைக்கு வர வேண்டும்."

இத்தனை நுட்பமான அறிக்கையைப் பார்த்ததே இல்லை என்று கமிட்டி அப்படியே ஏற்றுக்கொண்டது. ரீடர் உத்தரவு வந்தது. அதன் கீழே நிபந்தனையும் வந்தது, முத்திரையோடு.

ரீடர் ஜெபசீலன் மாலை மரியாதைகளையெல்லாம் வாங்கிக்கொண்டு, மறுவாரம் புதிய கவிதை எழுதினார். ரொம்ப ஜாக்கிரதையாக. அதில் குழம்பு இல்லை, குறட்டை இல்லை, மச்சான் இல்லை. பெண் வாடையே இல்லை.

*ஞாயிறு மாலை.*
*கடற்கரையில் நான் தனியே நடந்தேன்.*
*ஆகா, என்ன அமைதி.*

நிபுணர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். ஒரு தடவை படித்தாள். கூரையைப் பார்த்து எதையோ ஞாபகப்படுத்திக்கொண்டாள். மறுபடி படித்தாள்.

"இன்னா மேரி? இதுல இன்னா தப்பு?"

"ஒரிஜினல்ல பொண்டாட்டியையும் கூட்டிக்கிட்டுல்ல கோவளம் போறாரு?"