இருபத்து நான்கு கோர்களும் ஒரு சகலையும்

பகல் இரண்டு மணி பத்து நிமிடம். திரையில் என் கண்ணில் முதலில் பட்டது ஒரே ஒரு வரி: மீதமுள்ள நேரம், ஒன்பது மணி நாற்பது நிமிடம்.

அந்த வீடியோ அன்று மாலை ஏழு மணிக்குத் திரையில் ஓட வேண்டும். இடம், மாமல்லபுரத்துக்கு வெளியே ஈசிஆரில் ஒரு கல்யாண மண்டபம். காலையில் என் மச்சினன் இர்ஃபானுக்கு நிக்காஹ் முடிந்திருந்தது. மாலையில் வரவேற்பு.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அன்று நடந்த அத்தனைக்கும் காரணம் பொறாமை. கம்ப்யூட்டர் பற்றிய அறியாமை என்றுதான் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். (அறியாமை என்றால் மன்னித்துவிடுவார்கள். பொறாமை என்றால் ஆயுசுக்கும் ஓட்டுவார்கள்.)

பொறாமையின் பெயர் சலீம். என் மனைவி ரஹீமாவின் தங்கையைக் கட்டியவன். சிறுசேரியில் மென்பொருள் வேலை, கேளம்பாக்கத்தில் ஏழாவது மாடியில் ஃப்ளாட். நான் அந்த வீட்டுக்கு ஒன்பது வருடம் மூத்த மாப்பிள்ளை. ஏழு வருடம் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்து, பிறகு செங்கல்பட்டில் கல்யாண ஆல்பமும் வீடியோவும் செய்யும் கடை வைத்தவன். ஒன்பது வருடமும் மாமியார் வீட்டில், மாமி வைக்கும் ஞாயிற்றுக்கிழமை விருந்தில் வஞ்சிரத்தின் நடுத்துண்டு எனக்குத்தான் வந்தது. சலீம் வந்த மூன்றாவது மாதம் அது அவன் தட்டுக்கு இடம் மாறியது. எனக்கு வால் பக்கம். தேதியை மனதில் குறித்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு ஐந்து மாதம் முன்பு சலீம் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கினான். அப்படி என்ன அதில் விசேஷம் என்று மாமி கேட்டார். அவன் ஒரு இணையதளத்தைத் திறந்து காட்டினான். உலகத்திலுள்ள ப்ராசஸர்களுக்கெல்லாம் ஒரே சோதனை வைத்து, புள்ளி போட்டு, வரிசைப்படுத்தியிருந்தார்கள். அவனுடையது முதல் பக்கத்திலேயே இருந்தது. மாமிக்குப் புரிந்தது ஒன்றுதான்: மார்க்.

"சின்ன மாப்ள கம்ப்யூட்டரு எம்மாம் மார்க்கு தெரியுமா?" என்று தெருவில் சொல்ல ஆரம்பித்தார். பிறகு, எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், என் பக்கம் திரும்பினார். "உங்க கடையில இருக்கறது எவ்ளோ மாப்ள?"

கடைக்குப் போய்ப் பார்த்தேன். பட்டியலில் என்னுடையதைத் தேட நெடுநேரம் கீழே உருட்ட வேண்டியிருந்தது. ஒரு கட்டத்தில் விரல் வலித்தது.

அதன் பிறகு இரண்டு மாதம் நான் வேறு எதையும் படிக்கவில்லை. பட்டியலின் உச்சியில் இருப்பவை வீட்டுக் கம்ப்யூட்டரில் போடுபவை அல்ல, சர்வரில் போடுபவை என்று கண்டுபிடித்தேன். வங்கிகளிலும் பெரிய அலுவலகங்களிலும் குளிர் அறையில் நிற்கும் இயந்திரங்கள். புதிதாக வாங்க என் கடையை விற்றாலும் போதாது. ஆனால் சிறுசேரி அலுவலகங்கள் கழித்துப் போட்டதை வாங்கி விற்கும் மணி என்பவர் கேளம்பாக்கம் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை வைத்திருந்தார்.

"அண்ணாத்த, இன்னா சாதாரண பொட்டின்னு நெனச்சியா? உள்ள ரெண்டு ப்ராசஸர் கீது. ஒண்ணொண்ணுலயும் பன்னெண்டு கோர், பன்னெண்டு ஆளு வேல செய்யற மாதிரி. பேங்கு ஆபீஸ்ல ராப்பகலா ஓடிக்கினு இருந்தது. ஒரு நாள் படுத்ததில்ல."

"கல்யாண வீடியோ எடிட் பண்ணுமா?"

"பேங்கையே பண்ணிச்சு. கல்யாணத்த பண்ணாதா?"

வாதத்தில் குறை இருப்பதாக எனக்குப் படவில்லை. கடைக்குக் கொண்டுவந்து அதே சோதனையை ஓட்டினேன். சலீமுடையதைவிட அதிகம்! நம்பாமல் மூன்று முறை ஓட்டினேன். மூன்றிலும் அதிகம். அந்தத் திரையைப் படம் பிடித்து, ஆல்பத்துக்கு வைத்திருந்த பளபளப்புத் தாளில் அச்சடித்து, லேமினேட் செய்து, அடுத்த ஞாயிறு மாமி வீட்டுக்குக் கையில் எடுத்துப்போனேன். (நாற்பத்தோரு வயதில் ஒருவன் மாமியாரிடம் மார்க் ஷீட் காட்டினான் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.)

மாமி கண்ணாடி போட்டுப் பார்த்தார். "மாஷா அல்லாஹ்" என்றார். நடுத்துண்டு வந்தது.

சலீம் தாளை வாங்கிப் படித்தான். "நல்லா இருக்கு பாய். ஆனா இது மொத்த ஸ்கோர். சிங்கிள் கோர் எவ்ளோன்னு கீழ போட்டிருப்பான், பார்த்தீங்களா?"

வயிற்றெரிச்சல் என்று முடிவு செய்தேன். நாளிதழில் இருந்தபோது, ஒரு ஊரார் குடிக்கும் பாலின் அளவை இன்னொரு ஊரோடு ஒப்பிட்டு எழுதிக் கொண்டுவந்த நிருபரை, "மொத்தமா, தலைக்கு எவ்வளவா?" என்று கேட்டு நிற்கவைத்துத் திருப்பி அனுப்பியவன் நான். அந்தக் கேள்வியை சகலை கேட்டதும் எனக்குக் காது அடைத்துக்கொண்டது.

இர்ஃபானின் கல்யாண வீடியோவைச் சலீம் தன் கம்ப்யூட்டரில் முடித்துத் தருவதாகச் சொன்னான். நான் விடவில்லை. காலையில் எடுத்ததை மாலையிலேயே ஆறு நிமிடப் படமாகக் காட்டுகிறேன் என்று எல்லோர் முன்னாலும் அறிவித்தேன். மணப்பெண்ணின் அண்ணன் ஜாஃபர் குவைத்தில் இருந்தார். லீவு கிடைக்கவில்லை. காலை ஷிஃப்டில் வேலையிடத்துக்குள் ஃபோன் கொண்டுபோக முடியாது. மாலை ஷிஃப்டுக்கு ஏறும்முன், நம் நேரப்படி ஏழிலிருந்து ஏழு இருபது வரைதான் அவரால் வீடியோ காலில் இருக்க முடியும். தங்கையின் நிக்காஹை அவர் பார்க்கப்போவது என் படத்தில்தான். பெண் வீட்டார் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். "நம்பிக்கினு இருக்கோம் பாய்."

சர்வர், பிரியாணி தேக்சாக்களோடு ஒரே வண்டியில் மண்டபத்துக்கு வந்தது. மணப்பெண் அறைக்கு அடுத்த அறையில் இறக்கினோம். கூடவே கொண்டுவந்த பழைய கம்ப்யூட்டரிலேயே காட்சிகளை வெட்டி ஒட்டி முடித்து, எல்லாவற்றையும் ஒரே வீடியோவாக மாற்றும் கடைசிக் கட்டத்தை மட்டும் சர்வரிடம் ஒப்படைத்தேன். சர்வரில் நான் அதுவரை ஓட்டியிருந்தது மதிப்பெண் சோதனை மட்டும்தான். ஒரு வீடியோகூட ஓட்டிப் பார்த்ததில்லை. மார்க்தான் வந்துவிட்டதே!

ஒன்பது மணி நாற்பது நிமிடம்.

எந்தக் கோர் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் பக்கத்தைத் திறந்தேன். இருபத்து நான்கு கட்டங்கள். இரண்டில் கோடு உச்சியில். மற்ற இருபத்திரண்டில் தரையில். இரண்டு பேர் ஓடி ஓடிப் பரிமாற, இருபத்திரண்டு பேர் பந்தியில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார்கள். நான் பயன்படுத்திய எடிட்டிங் மென்பொருள் அந்த வேலையைப் பலருக்குப் பிரித்துக் கொடுக்கத் தெரியாதது. ஓரிருவர் வேகமாகச் செய்தால் போதும் அதற்கு. என்னிடம் இருந்ததோ மெதுவாக வேலை செய்யும் ஒரு பெருங்கூட்டம். அத்தனை பேரின் மார்க்கையும் கூட்டித்தான் நான் லேமினேட் செய்திருந்தேன். போதாததற்கு, வீடியோவைச் சுருக்குவதற்கென்றே சலீமின் ப்ராசஸருக்குள் தனியாக ஒரு பகுதி உண்டாம். வங்கியில் நின்றதற்கு அது எதற்கு?

மூன்று மணிக்கு மீதி நேரம் பத்து மணி ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. பரிமாறியவர்களும் களைத்துவிட்டார்கள் போல.

"என்னங்க, ஆயிடுச்சா?" என்று ரஹீமா எட்டிப் பார்த்தாள்.

"ஆயிக்கிட்டே இருக்கு" என்றேன். அது பொய் இல்லை.

சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சர்வருக்குள் ஆறு விசிறிகள். குளிர் அறையில் இருக்க வேண்டியது, கடற்கரை வெக்கையில் மாட்டிக்கொண்டது. நாலே கால் மணிக்கு மாமி வந்தார். "மாப்ள, அந்த மிக்சிய கொஞ்சம் நிறுத்துங்க. துவா ஓதறாங்க." ஐந்து மணிக்குச் சாலைக்கு எதிரே இருந்த சிற்பக் கூடத்திலிருந்து, தலைமுடி முழுக்கக் கல்தூசியோடு ஒருவர் வந்து நின்றார்.

"இன்னா மிஷினு சார் ஓடுது? எங்க கட்டர் சத்தம் எனக்கே கேக்கல."

ஐந்து இருபதுக்குச் சலீம் வந்தான். கட்டங்களைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை.

"பாய், என் சிஸ்டம் கார்லதான் இருக்கு. எதுக்கும் இருக்கட்டும்னு எடுத்தாந்தேன். மாத்திடலாமா?"

போய்ப் பார்த்தேன். பின் சீட்டில், இரண்டு தலையணைக்கு நடுவில், சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. அவன் முகத்தில் ஒரு துளி ஏளனம் இருந்திருந்தால்கூட உடனே ஒத்துக்கொண்டிருப்பேன். இல்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"வேணாம் சலீம். கடைசில வேகம் புடிக்கும்" என்றேன்.

கடைசியில் வேகம் பிடிக்கும் என்று எனக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை.

ஆறு இருபத்தைந்துக்கு மணப்பெண் அறையில் யாரோ முடி காயவைக்கும் கருவியைப் போட்டார்கள். எங்கள் பக்கம் முழுவதும் ஃப்யூஸ் போனது. ஆறு விசிறிகளும் அடங்கின. அன்று முதன்முறையாகக் கடல் சத்தம் கேட்டது. நாலேகால் மணி நேர வேலை போயிற்று.

இருட்டில் நான் சொன்ன வார்த்தை, "சலீம்."

அவன் காருக்கு ஓடினான். பெட்டியைத் தூக்கிவந்து, வேறு லைனில் மாட்டி, கோப்புகளை ஏற்றினான். எல்லாம் தயாரானபோது ஆறு நாற்பத்தைந்து. படம் இருபத்தெட்டு நிமிடத்தில் முடிந்தது. பெட்டி ஒரு சத்தமும் போடவில்லை. ஓட்டுவதற்கு முன்பே, படத்தின் கடைசியில் பெயர் வரும் இடத்தில், 'எடிட்டிங்' என்று தட்டி, பக்கத்தில் என் பெயரை மட்டும் போட்டிருந்தான். அதற்காக அவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இப்போது எங்கள் குடும்பத்தில் யாராவது அளவுக்கு மீறிப் பெருமை பேசினால், "சிங்கிள் கோர் எவ்ளோ?" என்று மாமி கேட்கிறார். பேத்தி ஐந்து பாடத்தின் கூட்டு மார்க்கைச் சொன்னாலும் அதே கேள்விதான். பந்தியில் யாராவது சும்மா உட்கார்ந்திருந்தால் "இருபத்திரண்டாவது கோர்" என்கிறார்கள். சர்வரை மணியே வந்து எடுத்துப்போனார். என் கடையில் இப்போது ஓடுவது சலீமின் பழைய ப்ராசஸர். அவன் அதைவிட அதிக மார்க் வாங்கியதற்கு மாறிவிட்டான். பட்டியலில் பார்த்துவிட்டேன், இரண்டு எண்ணையும்.

ஈத் விருந்துக்கு ஈத் விருந்து இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறோம். சொல்பவர் யாராக இருந்தாலும் ஃப்யூஸ் போகும் இடத்தோடு முடித்துவிடுவார்.

படம் ஏழு பதினாறுக்கு ஓடத் தொடங்கியது. ஏழு இருபதுக்கு ஜாஃபர் சலாம் சொல்லிவிட்டு ஃபோனை வைத்தார். அவர் தங்கை நிக்காஹ் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் காட்சி ஐந்தாவது நிமிடத்தில் இருந்தது.