மூன்று பாஷையும் ஒரு தலையணையும்

சினிமாவில் யாராவது செத்தால் கிணற்றடிக்குப் போய்த் தலைமுழுகுகிற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் குருபரப்பள்ளி டூரிங் கொட்டகையில் இருந்தார். ஒரு சாவுக்கு ஒரு முழுக்கு. யுத்தப் படம் வந்த வாரம் அவருக்கு ஜன்னியே கண்டுவிட்டது. நான்தான் மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன்.

பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று நான் கேட்டதில்லை. ஊரே 'மூணு பாஷை' என்றுதான் கூப்பிட்டது. படம் தமிழ்ப்படம். பார்க்க வருகிறவர்களில் பாதிப்பேர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், கால்வாசிப்பேர் கன்னடம். மிச்சமிருந்த தமிழர்களுக்கும் சினிமாக்காரர்கள் பேசுகிற அடுக்குமொழி பிடிபடாது. எங்களிடம் இருந்தது ஒற்றை மிஷின். ஒரு பாகம் முடிந்ததும் விளக்கைப் போட்டு, அடுத்த ரீலை மாட்டி, மறுபடி விளக்கை அணைப்போம். அந்த இடைவெளியில் மூணு பாஷை ஒரு தகரக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு திரைக்கு முன்னால் வந்து நிற்பார். நடந்த கதை, நடக்கப்போகிற கதை இரண்டையும் மூன்று மொழியில் சொல்வார். அழுவதற்குத் தெலுங்கு, திட்டுவதற்குக் கன்னடம், போலீஸ், கோர்ட்டு, கல்யாணம் வந்தால் தமிழ்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது ஐம்பதுகளின் நடுவில். நாலாங்கிளாஸோடு படிப்பு நின்றுபோய், கல் உடைத்து, லாரி கழுவி, பெங்களூரில் ஒரு ஓட்டலில் மாவாட்டி, எங்கேயும் ஆறு மாதத்துக்கு மேல் கால் தங்காமல் வந்தவன். கொட்டகையில் பகலில் மணலைச் சலிக்க வேண்டும். சாயங்காலம் டிக்கெட் கிழிக்க வேண்டும். படம் ஓடும்போது முடிந்த ரீலைத் திருப்பிச் சுற்ற வேண்டும். இரண்டு வேளைக் களி, திரைக்குப் பின்னால் படுக்க இடம். அந்த இடத்தில் எனக்கு முன்பே ஒருவர் படுத்திருந்தார். "கால் இந்தப்பக்கம் நீட்டாதப்பா, கதாநாயகி மேல படும்" என்றார். அதுதான் மூணு பாஷை என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

படத்தில் வருகிறவர்களுக்கெல்லாம் அவர் ஊர் கொடுத்துவிடுவார். கதாநாயகன் எப்போதும் கொட்டகைக்கு அதிகம் பேர் வந்திருக்கிற ஊர்க்காரன். வில்லன் அன்றைக்கு ஒருத்தரும் வராத ஊர்க்காரன். சூளகிரிக்காரர்கள் வண்டி கட்டி வந்திருந்தால் வில்லன் தளிப்பக்கம். தளிக்காரர்கள் தெரிந்தால் வில்லன் ராயக்கோட்டை. சந்தை நாளில் எல்லா ஊர்க்காரர்களும் வந்து உட்கார்ந்துவிட்டால் கொஞ்சம் தடுமாறி, வில்லனை பம்பாய்க்கு அனுப்பிவிடுவார்.

வில்லன்களை அவர் நடிகர்களாக நினைத்ததே இல்லை. காலையில் பல் விளக்கப் போகும்போது தட்டியில் ஒட்டியிருக்கும் வில்லனைப் பார்த்து, "எந்திரிச்சிட்டியா? இன்னிக்கி யார் குடியைக் கெடுக்கப்போற?" என்பார். ஒருமுறை கதாநாயகி விஷம் கலந்த பாலை எடுத்தாள். "அம்மா, வெனக்கி சூடு!" என்று தெலுங்கில் கத்தினார். "ஹிந்தே நோடம்மா!" என்று கன்னடத்தில் கத்தினார். "திரும்பிப் பாரு தாயி, கதவுக்குப் பின்னால நிக்கிறான்!" என்று தமிழில் கத்தினார். அவள் எந்த மொழிக்கும் திரும்பாததால் மிஷின் வெளிச்சத்துக்குக் குறுக்கே கையை நீட்டினார். திரையில் பெரிய கறுப்புக் கை ஒன்று பால் டம்ளர்மேல் விழுந்தது. ஜனங்கள் விசிலடித்தார்கள். கை விலகியபோது அவள் குடித்து முடித்திருந்தாள். 

கொட்டகை முதலாளி அவரைப் பொறுத்துக்கொண்டு வந்தார். அந்த ஐப்பசியில்தான் வினை வந்தது. பட்டணத்திலிருந்து ஒரு புதுப்படம், அதோடு கம்பெனியின் ரெப்பும் வந்தார். பெட்டிக்குக் காவலாக வருகிற ஆளை அப்படித்தான் சொல்வோம். வெள்ளைப் பேண்ட், மடிப்புக் கலையாத சட்டை. காலேஜ்வரைக்கும் போனவர்.

"இது சாதாரணப் படம் இல்லை மிஸ்டர்" என்றார் ரெப். "சீமையிலே முந்நூறு வருஷத்துக்கு முன்னே எழுதின சோக நாடகம். பொறாமையால பெண்டாட்டியைக் கொல்றவன் கதை. அதுல அவன் படைத் தளபதி. நம்ம டைரக்டர் மில் முதலாளி ஆக்கிட்டார். வில்லன் மில் மானேஜர். கோட்டு, சிகரெட்டு. அசல்ல ஒரு கைக்குட்டையை வெச்சுச் சந்தேகம் வரும். இதுல கைக்கடியாரம். எல்லாம் மாடர்ன்."

"அது சரி" என்றார் மூணு பாஷை. "கைக்குட்டைக்காக எவன் கொல்லுவான்? அந்தம்மா முடிவுல பொழைக்கிறாங்களா?"

"இல்லை. தலையணையை வெச்சு அமுக்கிடறான்."

"முந்நூறு வருஷமா அமுக்கிகினே இருக்கானா?"

"ஆமா. அதான் அந்தக் கதையோட பெருமை."

"முந்நூறு வருஷத்துல ஒருத்தன்கூடக் குறுக்க போய் நிக்கலியா?"

ரெப் நேராக முதலாளியிடம் போனார். இந்தப் படத்துக்கு நடுவில் ஒருத்தர் குழாய் வைத்துக் கத்தினால் கம்பெனி இனிமேல் பெட்டி தராது என்றார். முதலாளி மூணு பாஷையைக் கூப்பிட்டார். "யோவ், படமே பேசுது. நீ எதுக்கு? இந்தப் படம் போறவரைக்கும் வாயத் தொறந்தா, அப்பவே மூட்டையக் கட்டிடு. ஊர் ஊராப் போற கொட்டகை, வேற ஆளு கெடைக்காமப் போகாது."

அவருக்கு வேறு கொட்டகை கிடைக்காது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். வயது ஐம்பத்தைந்துக்கு மேல். சொந்தம் யாரும் கிடையாது. மூட்டை தூக்கத் தெம்பு கிடையாது. கையிலிருந்த தொழில் அந்தத் தகரக் குழாய் ஒன்றுதான்.  அவர் திரைக்குப் பின்னால் போய் வேட்டி இரண்டையும் ஒரு துண்டில் கட்டி வைத்தார். "எதுக்குண்ணா?" என்றேன். "என் வாய் எனக்குத் தெரியும்ப்பா" என்றார்.

வெள்ளிக்கிழமை மழை. கொட்டகையில் இருபது பேர்கூட இல்லை. மூணு பாஷை ஓரத்தில் உட்கார்ந்து துண்டின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார். மானேஜர் குளியலறை அலமாரியிலிருந்து அந்தம்மாவின் கைக்கடியாரத்தைத் திருடினான். துண்டு ஒரு சாண் உள்ளே போனது. அதை மில் கணக்குப்பிள்ளையின் மேஜையில் போட்டான். இன்னும் ஒரு சாண். "யோவ் மூணு பாஷை, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று யாரோ கேட்டதற்கும் அசையவில்லை. கடைசியில் தலையணை இறங்கியது. அந்தம்மா போனாள். உண்மை தெரிந்து மில் முதலாளியும் சுட்டுக்கொண்டார். விளக்கு வந்ததும் மூணு பாஷை எழுந்து கிணற்றடிக்குப் போனார். மழையிலேயே இரண்டு முழுக்கு.

சனிக்கிழமை மழை விட்டது. கொட்டகை நிறைந்துவிட்டது. இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஒரே பிரதியை ஓசூரில் பகல் காட்சியில் ஓட்டி, முதல் பெட்டியைச் சாயங்கால பஸ்ஸிலும் கடைசிப் பெட்டியை அதற்குப் பின்னால் ஒரு லாரியிலும் எங்களுக்கு அனுப்புவது வழக்கம். நாங்கள் முதல் ரீல்களை ஓட்டி முடிப்பதற்குள் மிச்சம் வந்து சேர்ந்துவிடும். அன்றைக்கு மூன்றாம் பாகம் முடிந்தது. மில் முதலாளி தலையணையை எடுத்துக்கொண்டு கட்டிலை நோக்கி நடக்கிறார். விளக்கைப் போட்டோம். பெட்டி வரவில்லை.

கால் மணி ஆயிற்று. ரோட்டில் நின்ற ஒரு லாரி டிரைவர்தான் உள்ளே வந்து சொன்னார். "பெட்டி வராதுங்க. சானமாவு காட்டுல ஆனைங்க ரோட்டுக்கு ஏறிடுச்சு. நான் தப்பிச்சு வந்துட்டேன். எனக்குப் பின்னால வந்த வண்டியெல்லாம் அந்தப்பக்கமே நின்னுட்டுது."

கொட்டகை கத்தியது. "தலையணையத் தூக்கிகினு எவ்ளோ நேரம்யா நிப்பான்?" மணலை அள்ளித் திரையில் எறிந்தார்கள். ஒரு மூங்கில் ஆடியது. முதலாளி வியர்த்துக்கொண்டே ஓடி வந்தார்.

"மூணு பாஷை, போய்யா. போய் மிச்சக் கதையச் சொல்லு."

அவர் வாயிலிருந்து துண்டை எடுத்தார். "பேசினா மூட்டையக் கட்டச் சொன்னீங்களே மொதலாளி. அங்க கட்டித்தான் வெச்சிருக்கேன்."

"அவுத்துடுய்யா!"

ரெப் அவர் கையைப் பிடித்தார். "மிஸ்டர், முடிவை மட்டும் மாத்திடாதீங்க. அமுக்கறான். அவ செத்துடறா. இவனும் சுட்டுக்கறான். அவ்வளவுதான். மாத்தினீங்கன்னா நாளைக்கே கம்பெனிக்கு எழுதிடுவேன். நீங்க இங்கே இருக்க முடியாது."

மூணு பாஷை திரைக்கு முன்னால் வந்து நின்றார். பின்னால் படம் இல்லை, வெறும் துணி. மூன்று மொழியிலும் மில் முதலாளியைக் கட்டில்வரைக்கும் நடத்திக்கொண்டு போனார். "தலையணை எறங்குது" என்றார். தெலுங்கில் இறக்கினார். கன்னடத்தில் இறக்கினார். பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள்.   மற்ற சாவுகளைச் சினிமாக்காரன் பண்ணினான், இவர் சொன்னார். இந்தச் சாவை இவரேதான் பண்ண வேண்டும்.

குழாயைக் கீழே இறக்கினார். ரெப்பைப் பார்த்தார். பிறகு வெறும் வாயால், "நின்னுடுச்சு" என்றார்.

"அந்தம்மா கண்ணத் தொறந்தாங்க. 'என்னங்க, அந்த மானேஜர் நூறு பேச்சுப் பேசினான், கேட்டீங்க. கூடப் படுத்துக் கெடக்கிறவகிட்ட ஒரு பேச்சுக் கேட்டீங்களா?' அப்படின்னாங்க."

"அப்படிக் கேளு தாயி!" என்றார் முன்வரிசையில் மணலில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா.

"மில் மொதலாளி என்ன பண்ணாரு? தலையணையக் கீழ போட்டு அதுமேலயே உக்காந்துட்டாரு. 'கடியாரம் எங்க?'ன்னாரு. 'குளிக்கறப்ப கழட்டி வெச்சேன், காணோம். சொன்னா வருத்தப்படுவீங்கன்னு சொல்லல' அப்படின்னாங்க. 'இவ்ளோதானா?'ன்னாரு. 'இவ்ளோதான்'ன்னாங்க."

 கொட்டகையில் எழுந்த சத்தத்தில் மிச்சமிருந்த மூங்கில்களும் ஆடின. மானேஜரை என்ன செய்யலாம் என்று அவர் ஜனங்களையே கேட்டார். "கட்டி வெச்சு ஒதைங்க!" "மொட்டை அடிங்க!" பின்னாலிருந்து லாரி டிரைவர், "சானமாவுல எறக்கி விட்டுடுங்க, ஆனை ரோட்லயேதான் நிக்குது!" என்றார். தீர்ப்பு அதுவே ஆயிற்று. ரெப் தலையில் கைவைத்துக்கொண்டு டிக்கெட் மேஜையில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு யாரும் கிணற்றடிக்குப் போகவில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை பெட்டி ஒழுங்காக வந்துவிட்டது.

முந்தின நாள் முன்வரிசையில் இருந்த அம்மா தன் நாத்தனார்கள், ஓரகத்திகள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பிழைத்த பெண்ணைப் பார்ப்பதற்காகவே பல ஊரிலிருந்து வண்டிகள் வந்திருந்தன. திரையில் தலையணை இறங்கியது, நிற்கவில்லை. முன்வரிசை அம்மா எழுந்து நின்றுவிட்டார்.

"யார்ரா அது படம் போட்டவன்? நேத்துப் பொழச்சவள இன்னிக்கி ஏன்டா கொன்னீங்க?"

"இதுதாம்மா அசல் முடிவு" என்றார் ரெப்.

"அசலா? நேத்து நீ எங்க இருந்த?"

"இங்கேதான்."

"அப்ப நீயும்தான கேட்ட. அவ பொழச்சாளா இல்லியா?"

ரெப் திரும்பிக்கொண்டார். முதலாளியிடம், "கடைசி ரீல் ஓடியே ஆகணும். நிறுத்தினா நாளைக்குப் பெட்டி கிடையாது" என்று மட்டும் சொன்னார். முதலாளி ஜனங்களைப் பார்த்தார். அந்தப் பெண் செத்தாள் என்றால் நாளைக்கு இவர்கள் யாரும் வரப்போவதில்லை. முதலாளி மூணு பாஷையைப் பார்த்தார். இதற்கெல்லாம் காரணமான ஆள். இப்போதே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினால் கம்பெனியாவது மிஞ்சும். அவர் வாயைத் திறப்பதற்குள் மூணு பாஷையே பேசிவிட்டார்.

"ஓடட்டும் மொதலாளி. கடைசிவரைக்கும் ஓடட்டும்."

ஓடியது. அவளும் போனாள், அவனும் போனான். ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டு எழுந்தார்கள். அப்போது தகரக் குழாய் வந்தது.

"உக்காருங்க, உக்காருங்க. இப்பப் பாத்தீங்களே, இது யாரு பாத்ததுன்னு நெனைக்கிறீங்க? அந்த மானேஜர் பாவி கண்ட கனா! எவ்ளோ ஆசை பாருங்க அவனுக்கு! காலையில எழுந்து பல் தேய்க்க வெளிய வர்றான். மாடியில பாக்கறான். மொதலாளியும் அந்தம்மாவும் காப்பி குடிச்சிகினு இருக்காங்க…"

அந்தக் கொட்டகை அதுவரைக்கும் எந்தக் கதாநாயகனுக்கும் அப்படிக் கைதட்டியதில்லை. வில்லன் வயிற்றெரிச்சலிலேயே படுத்த படுக்கையாகிற கட்டத்தைக் கன்னடத்தில் கால் மணி நேரம் சொன்னார். "நின் மனெ ஹாளாக!" என்று கொட்டகையே சேர்ந்து அவன் வீட்டுக்குச் சாபம் விட்டது. கம்பெனியின் ரீல் ஒரு அடிகூடக் குறையவில்லை. ரெப் எழுத வேண்டுமானால் எதை எழுதுவார்?

படம் இரண்டு வாரம் ஓடியது. கிளம்புகிற அன்று ரெப் பெட்டியைக் கட்டிவிட்டு மூணு பாஷையைத் தனியாக அழைத்தார். திட்டப்போகிறார் என்று நானும் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஒண்ணுமில்ல மிஸ்டர்" என்றார் ரெப், குரலைத் தாழ்த்தி. "அந்தம்மாவுக்குக் கடியாரம் திரும்பக் கிடைச்சுதா?"

"கெடைக்காம? போலீஸ்காரங்க மறுநாளே குடுத்துட்டாங்க சார்."

"நல்லது" என்று சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறினார்.

முதலாளி அந்தத் துண்டு மூட்டையைத் தன் கையாலேயே அவிழ்த்து, வேட்டிகளை உதறித் திரைக்குப் பின்னால் கொடியில் போட்டார். ஒரு ஸ்டூலும் வாங்கிப் போட்டார். அதற்குப் பிறகு அந்தக் கொட்டகையில் அவரை யாரும் வாயை மூடச் சொன்னதில்லை.

வழக்கம்போல நான் கிளம்பிவிட்டேன். பிறகு எத்தனையோ ஊரில் எத்தனையோ வேலை பார்த்தேன். அந்த நாளில் வந்த படங்களைப் பற்றி யாராவது பேசினால் நானும் கலந்துகொள்வேன். "அந்தப் படத்துக்கு முடிவு அதில்லையே சார், எல்லாரும் செத்துப்போவாங்களே" என்று என்னைத் திருத்துவார்கள். இருக்கலாம். எனக்கு அவர் சொன்ன முடிவுகள்தான் தெரியும். மாற்றிக்கொள்ள இதுவரைக்கும் மனசு வரவில்லை.