சுழி பார்த்து வாங்கிய ஸ்பானர்

மண்ணெண்ணெயில் இரும்பு கழுவுகிற வாசனை எங்கிருந்து வந்தாலும் எனக்கு இன்றைக்கும் ஒரு பட்டறை ஞாபகம் வருகிறது. கூடவே ஒரு மனிதர் வந்து நிற்கிறார். மாட்டை மயிர்ச் சுழி பார்த்து வாங்கியவர்கள் பூலோகத்தில் கோடிப் பேர் இருப்பார்கள். ஸ்பானரைச் சுழி பார்த்து வாங்கியவர், நான் அறிய, ஒருவர்தான். சுழி மேஸ்திரி. பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்.

திண்டுக்கல்லில் நான்கு பஸ் ஓட்டிய ஒரு கம்பெனியின் பட்டறையில் அவர் தலைமை மெக்கானிக். நான் ஸ்டோர் கிளார்க். வேலைக்குச் சேர்ந்து இருபது நாள், கல்யாணமாகி இரண்டு மாதம். எனக்கு வேலை ஆகிவிடும் என்ற வாக்கை நம்பித்தான் பெண்ணையே கொடுத்திருந்தார்கள். மேஸ்திரி நத்தம் பக்கத்து மாட்டுத் தரகர் வீட்டுப் பிள்ளை. ஆள் இன்ஜினுக்கு வந்துவிட்டார், கண் மாட்டுச் சந்தையிலேயே தங்கிவிட்டது. ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றும்போது "குடி, குடி" என்று கழுத்தைத் தடவிக் கொடுப்பார். கிளம்ப மறுக்கிற பஸ்ஸின் காதில் ஏதோ முணுமுணுப்பார். பஸ்ஸுக்குக் காது எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியும். அது கிளம்பவும் செய்யும்!

ஒரு காலை, ஒரு பஸ்ஸின் இன்ஜின் மூடி கழற்றிக் கிடந்தது. அதைத் திரும்ப இறுக்க டி ஸ்பானர் வேண்டும். நீளத் தண்டு, தலையில் குறுக்கே கைப்பிடி, அடியில் நட்டைக் கவ்வும் வாய், அவ்வளவுதான் அந்தக் கருவி. எங்களிடம் இருந்தவை வாய் தேய்ந்து, நட்டைக் கவ்வாமல் வழுக்கின.

முதலாளி வந்து நின்றார். "ஆறு மணிக்கு இந்த வண்டி கல்யாணக் கோஷ்டிய ஏத்திக்கிட்டுக் கெளம்பணும். ஆறு அளவுல நல்ல செட்டா வாங்கிட்டு வா. மேஸ்திரியக் கூட்டிக்க. வண்டி நின்னுச்சு, கிளார்க்கு, நீ நாளைக்கு வர வேணாம்."

வெறும் வயிற்றோடு கிளம்பினேன். பேகம்பூரில் ஒரு ராவுத்தரின் இரும்புக் கடை. அவர் பளபளவென்று ஒரு செட்டை எடுத்துப் பரப்பினார். எனக்குக் கண் கூசியது. மேஸ்திரி ஒன்றை எடுத்து வாய்க்குள் சுண்டுவிரலை விட்டுத் துழாவினார்.

"பல்லு சரியில்ல."

"ஸ்பானருக்கு ஏது மேஸ்திரி பல்லு?" என்றார் ராவுத்தர்.

"உள்ள ஆறு மூலை இருக்குல்ல? ஒரு மூலை மழுங்கியிருக்கு. கெழடு. வேற எடுங்க."

வேறு வந்தது. முதுகைத் தடவினார். கைப்பிடியும் தண்டும் சேருகிற கழுத்தில் விரலை நிறுத்தினார். "விலங்கு சுழி. வாங்குனவன் செயிலுக்குப் போவான்."

அடுத்தது. "இது பெண்டிழந்தான் சுழி. வாங்குனவன் பொஞ்சாதி தங்க மாட்டா."

அதை அவர் கையிலிருந்து பிடுங்கி, கடையின் கடைசி மூலையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன்.

"யா அல்லா!" ராவுத்தர் தலையில் கை வைத்தார். "அப்பு, இது இரும்புய்யா! சாணியா போடப்போகுது?"

மேஸ்திரி விலங்கு சுழிக்காரனை எடுத்து வாசல் கல்லில் ஓங்கி ஒரு போடு போட்டார். கைப்பிடி ஒரு பக்கம், தண்டு ஒரு பக்கம். ஒடிந்த கழுத்தில் மயிரிழை போல ஒரு பழைய கீறல் கறுத்துக் கிடந்தது. ராவுத்தர் குனிந்து அதைப் பார்த்துவிட்டு, இருந்த ஸ்பானரையெல்லாம் எடுத்து முன்னால் பரப்பினார். 

அதற்கப்புறம் அந்தக் கடையில் மேஸ்திரி வைத்ததுதான் சட்டம். மடியிலிருந்து ஒரு போல்ட்டை எடுத்து நட்டுக்குத்தலாகப் பிடித்து, அதன் நட்டின் மேல் ஒவ்வொரு ஸ்பானராகக் கவிழ்த்துச் சுழற்றிவிட்டார். "நடத்திப் பாக்கணும்ல?" தலையாட்டிச் சுற்றினால் நொண்டி. நேராகச் சுற்றினால் தட்டிக்கொடுத்து ஓரமாகப் படுக்க வைத்தார். உச்சி வெயில் தெருவில் உருகி ஓடியது. ராவுத்தர் தொழுதுவிட்டு வந்தார், சாப்பிட்டுவிட்டு வந்தார், செத்த நேரம் தூங்கியும் எழுந்தார். எனக்குக் கடை முழுக்கச் சுற்றியது. கடைசியில் ஆறு தேறின. சாக்கில் சுற்றி ராவுத்தரே ஓடிவந்து என் தோளில் ஏற்றினார். எடுத்ததில் ஒரு தப்பு இருந்ததை அவர் கவனித்திருப்பார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். எங்களை அனுப்பினால் போதும் என்று விட்டிருப்பார்.

பட்டறையில் சாக்கைப் பிரித்தோம்.  ஆறு இருந்தன, ஆனால் மூன்றே அளவு. ஒவ்வொன்றிலும் இரண்டு.

"மேஸ்திரி, என்ன இது?"

"என்ன என்ன இது? ஒத்த மாட்ட எவனாச்சும் வாங்குவானா? ஜோடி போட்டுல்ல எடுத்தேன்..." என்றவர் பாதியில் நிறுத்தினார். முகம் மெல்ல வெளிறியது. அந்த முகத்தில் முதல்முறையாகப் பயத்தைப் பார்த்தேன். மணி நாலரை.

அவர் இன்ஜினைப் பார்த்தார், ஸ்பானரைப் பார்த்தார், திடீரென்று கத்தினார். "ஏலே ஃபிட்டரு! மூடி நட்டு அம்புட்டும் ஒரே அளவுதான? நீ அந்தப் பக்கம் நில்லு!"

அந்த நட்டின் அளவிலும் ஸ்பானர் இரண்டு இருந்தன. ஒருவர் இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம். நடுவிலிருந்து தொடங்கி எதிரும் புதிருமாக, ஒரே மூச்சில், ஒரே திருகு. இரும்பு பாடியது என்றால் நம்புங்கள். ஐந்தே முக்காலுக்கு இன்ஜின் உறுமியது. ஆறுக்கு மல்லிகைப் பூவும் சிரிப்புமாகக் கல்யாணக் கோஷ்டியை ஏற்றிக்கொண்டு பஸ் வெளியேறியது.

முதலாளியின் கண் சாக்கின் மேல் விழுந்தது. "ஆறு அளவு கேட்டா, மூணு அளவ ரெண்டு ரெண்டா வாங்கியாந்திருக்கு! எவன் புத்திய்யா இது?"

"கிளார்க்கு புத்திதான் மொதலாளி" என்றார் மேஸ்திரி.

 பாவி மனுஷா!

"ஒரே அளவுல ரெண்டு இருந்தா ரெண்டு பேரு நின்னு முறுக்கலாம், பாதி நேரத்துல முடியும்னாரு. நாந்தான் கூறுகெட்டத்தனமா வேணாம்னு மல்லுக்கட்டுனேன்."

ஸ்பானர் விஷயத்தில் கடவுளே வந்து சொன்னாலும் ஒத்துக்கொள்ளாத மனிதர், பட்டறை முழுக்கக் கேட்கத் தன்னைக் கூறுகெட்டவன் என்று சொல்லிக்கொண்டு நின்றார்.

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பரவால்லய்யா. மீதி மூணு அளவ நாளைக்கு வாங்கியா. இவரக் கூட்டிக்கிட்டுப் போகாத."

வாசலில் மேஸ்திரி சைக்கிளை எடுக்கும்போது ஓடிப்போய் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன். "ஏன் மேஸ்திரி அப்படிச் சொன்னீங்க?"

அவர் என் கையை மெதுவாக எடுத்துவிட்டார். "என்னைய வெரட்டுனா இன்னொரு பட்டறை கூப்புடும். ஒன்னைய எவன் கூப்புடுவான்? போ அப்பு, வீட்டுல அந்தப் புள்ள வாசலப் பாத்துக்கிட்டு இருக்கும். காலையிலேருந்து நீ ஒண்ணுந் திங்கல."