ஒரு அறைகூடக் காலி இல்லை

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு அத்தான் எழுதுவது. இங்கே உங்கள் அக்காவின் முழங்காலைத் தவிர மற்ற அனைவரும் சுகம். அங்கே முழங்கால்கள் உட்பட எல்லாம் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

மாப்பிள்ளை, நின்றுகொண்டு படிக்காதீர்கள், உட்காருங்கள். நம் தீவுக்கு யோகம் அடித்துவிட்டது. வாராவாரம் முந்நூறு பயணிகளோடு ஒரு பெரிய கப்பல் இங்கே நிற்கப்போகிறது. பிஸ்கட் கம்பெனி வேலையை உடனே ராஜினாமா செய்துவிட்டுக் குடும்பத்தோடு கிளம்பி வாருங்கள். நம் விடுதியின் சமையலறைப் பொறுப்பு உங்களுக்குத்தான்.

நடந்ததைச் சொல்கிறேன். மீன் பிடித்தவர், முடி வெட்டியவர், பாடம் நடத்தியவர் என்று இங்கே எல்லாரும் வீட்டை விடுதியாக்கிவிட்டோம், விருந்தாளி மட்டும்தான் பாக்கி. போன செவ்வாய்க்கிழமை கப்பல் கம்பெனி அதிகாரி பார்வையிட வருகிறார் என்றதும் ஊரே கூடிப் பேசினோம். ஈ ஓட்டும் ஊரில் எந்தக் கப்பல் நிற்கும்? ஆளுக்கொரு வீடு மாறிப் பயணிகளாக உட்கார்ந்துவிடலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். முடிதிருத்துபவர் குடும்பம் நம் வீட்டுக்கு, நாங்கள் படகுக்காரர் வீட்டுக்கு, படகுக்காரர் வாத்தியார் வீட்டுக்கு, எல்லார் தலையிலும் தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. உங்கள் அக்கா மட்டும் கை சும்மா இராமல் படகுக்காரர் வீட்டு அலமாரியைத் துடைத்து அடுக்க ஆரம்பித்துவிட்டாள். விருந்தாளியாக லட்சணமாக உட்கார் என்று நான் கெஞ்ச வேண்டியதாயிற்று.

அதிகாரி வந்த பிறகுதான் எங்களுக்கே உறைத்தது. ஊரே விருந்தாளியாகிவிட்டால் வரவேற்க ஆள் ஏது? மனிதர் ஒவ்வொரு விடுதியிலும் மணியை அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் மாடியேறி வந்து என்னிடமே கேட்டார்.

"ஓனர் எங்க சார்?"

நான் தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டேன். உங்கள் அக்கா அசரவில்லை.

"அவரு சாமான் வாங்கப் போயிருக்காரு. இவ்ளோ கூட்டத்துக்கு ஒரு மனுஷன் எத்தனையத்தான் பாப்பாரு?"

மாப்பிள்ளை, அந்த நிமிஷம் அவளை இன்னொரு முறை கல்யாணம் செய்துகொள்ளலாம் போலிருந்தது எனக்கு. அதிகாரி தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டார். பன்னிரண்டு விடுதியில் ஒரு அறைகூடக் காலி இல்லை. அவரே ஒரு ராத்திரி தங்க ஆசைப்பட்டுக் கேட்டார், நாங்கள் கம்பீரமாக இடமில்லை என்றோம். சாயங்காலப் படகில் ஏறிப் போய்விட்டார். அன்று சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே தாமதிக்க வேண்டாம். உங்கள் வீட்டம்மாவுக்கு என் விசாரிப்பு, பிள்ளைகள் நூறாண்டு வாழ ஆசி.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: தபால்தலை ஒட்டும் நேரத்தில் அதிகாரியின் முடிவு வந்து சேர்ந்தது. இந்தத் தீவில் ஏற்கெனவே கால் வைக்க இடமில்லையாம். இன்னும் முந்நூறு பேரைக் கொண்டுவந்து கொட்டுவது நியாயமில்லை என்று கப்பலைப் பக்கத்துத் தீவுக்குத் திருப்பிவிட்டார்கள். ராஜினாமா கொடுத்திருந்தால் காலில் விழுந்தாவது திரும்ப வாங்கிவிடுங்கள். கையோடு, உங்கள் கம்பெனியில் எனக்கும் ஏதாவது வேலை காலி இருக்கிறதா என்று கேட்டு எழுதவும்.