இலவசமாய் எழுதித் தந்த வெபினார்

"முப்பது நிமிசத்தோட நின்னுடுச்சுண்ணா!" பெனிஷா மேசையை ஓங்கித் தட்டினாள்.

டீ கொண்டுவந்த கேட் காவலர் லியாகத் அலி எட்டிப் பார்த்தார். "இன்னாமா நின்னுச்சு?"

"வெபினாரு! பேசறதை இலவசமா எழுதித் தராங்களாம். அரை மணிக்கு மேல பணமாம். அப்புறம் இன்னாத்துக்கு இலவசம்னு போர்டு?"

"தானமாக் குடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சிப் பாக்காதம்மா."

"பல்லைப் பாக்கலண்ணா, இது முட்டுது!"

திருவொற்றியூர் கண்டெய்னர் யார்டில் பெனிஷாவை நிரந்தரமாக்கும் கடிதத்தில் மேனேஜர் பரசுராமன் வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடவேண்டும். அவர்தான் காலையில் டைரக்டர் நேரலையில் பேசும் பாதுகாப்பு வெபினாரை லேப்டாப்பில் ஓடவிட்டு, "மொத்தத்தையும் டைப் பண்ணி வை" என்று சொல்லிவிட்டு நழுவியிருந்தார். பெனிஷாவும் வெபினாரைக் காதில் வாங்கவில்லை. லேப்டாப் பக்கத்தில் செல்போனைப் பதிவுக்கு வைத்துவிட்டு லாரி பாஸ் எழுதிக்கொண்டிருந்தாள். முடிந்ததும் அந்தப் பதிவை, பேச்சை எழுத்தாக்கும் ஓர் இணையதளத்தில் ஏற்றியிருந்தாள்.

"வெபினார் அழைப்பை இணைத்தால் மீதியும் இலவசம்" என்றது தளம். இணைத்தாள். இருபத்தாறு பக்கம் வந்து விழுந்தது.

முதல் பக்கத்திலேயே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அநியாயத்தைப் பாருங்கண்ணா! ஆகஸ்ட் மாசத்துல டைரக்டர் எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்து சொன்னாராம். கண்டதையும் எழுதி வெச்சிருக்கு!" அந்த வரியை நீக்கினாள்.

பதினோராம் பக்கத்தில் அவள் பேசியதே இருந்தது. அவள் குரலையும் செல்போன் விட்டுவைக்கவில்லை. "வெபினாரை ஓடவுட்டுட்டு இந்தாளு காசிமேட்டுக்கு வஞ்சிரம் வாங்கப் போயிட்டாரு. நாம குந்திகினு கேக்கணும்!"

அதையும் அவசரமாக நீக்கிச் சேமித்தாள். திரையில் பச்சை எழுத்து வந்தது. "அழைப்பிலுள்ள நாற்பத்திரண்டு பேருக்கும் அனுப்பப்பட்டது. நீங்கள் நீக்கிய வரிகள் சிவப்பில் காட்டப்பட்டுள்ளன."

"அடப்பாவிங்களா! நான் அனுப்பச் சொன்னேனா?"

திரும்பப் பெறும் பொத்தான் என்று எதையோ அழுத்தினாள். "இன்னும் படிக்கவில்லையா?" என்று நாற்பத்திரண்டு பேருக்கும் நினைவூட்டல் போனது.

"இத்தோட கையை வெச்சிகினு சும்மா இரும்மா" என்று சொல்லிவிட்டு லியாகத் அலி கேட்டுக்குப் போய்விட்டார்.

அரை மணியில் பரசுராமன் ஈரம் சொட்டும் பையோடு உள்ளே வந்தார். இன்னொரு கையில் செல்போன்.

"யாரும்மா அந்த 'இந்தாளு'?"

பெனிஷா அவர் பையைப் பார்த்தாள். மீன் வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பயத்தையும் மீறி அவளுக்கு ஆத்திரம் வந்தது. "உங்களுக்கே தெரியாதா சார்?"

"வெள்ளிக்கிழமை கையெழுத்தை மறந்துடு. டைரக்டர் கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?"

வீட்டுக்குக் கிளம்ப அவள் தன் கைப்பையை எடுத்தபோது, லியாகத் அலி மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"சார், டைரக்டரே கேட்டாண்ட வந்து நின்னுகினு கீறாரு, கையில வஞ்சிரம் பையி! அந்த 'இந்தாளு' தன்னத்தான்னு நெனச்சிகினாரு. பொங்கலுக்கு எடுத்த வீடியோவை ஓடவுட்டுட்டு அவரு காசிமேட்டுக்குப் போனதை, எழுதின பொண்ணு வெளிய சொல்லாம இருந்தா, பர்மனன்ட் லெட்டர்ல இப்பவே அவரே கையெழுத்துப் போடுறாராம்!"