வலசுத்து வாங்கிய வழிகாட்டி மிஷின்

ஆகாசத்தில் சுற்றுகிற சாட்டிலைட்டுக்கே எங்கள் ஊர் வழக்கத்தைக் கற்றுக்கொடுக்கப் பார்த்த மனிதன் உலகத்தில் ஒருத்தன்தான். அவன் எங்கள் வலசுத்து. இதை அண்ணாமலையார் மலையைப் பார்த்துக்கொண்டே சொல்கிறேன். பொய் வராது.

வலசுத்து என்பது அவனைப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. ரேஷன் கார்டில் வேறு பெயர் இருக்குமாம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கார்டைக் காட்டினாலும் பிரயோஜனமில்லை. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல என் மகள்தான் எழுதுகிறாள். வேங்கிக்காலில் என் இட்லி மாவுக் கடைக்கு நேர் எதிரே அவனுடைய சைக்கிள் கடை. கல்லிலும் முள்ளிலும் ஓட்டுகிற பெரிய டயர் சைக்கிள்களை வாடகைக்கு விடுவான். வயது நாற்பத்தைந்து. மீசைக்கு மட்டும் இருபத்தைந்து, மை உபயம்.

அவனுக்கு ஒரே ஒரு கொள்கை. கிரிவலத்தில் எல்லோரும் மலையை வலது கைப் பக்கம் வைத்துத்தானே சுற்றுகிறோம்? அவனுக்கு அது பௌர்ணமிக்கு மட்டுமில்லை, பால் பாக்கெட் வாங்கப் போவதற்கும் சேர்த்து. வேங்கிக்காலிலிருந்து பெரிய கோயிலுக்குப் போனால் மலை வலது பக்கம் இருக்கும். பத்து நிமிஷத்தில் போய்விடுவான். அதே வழியில் திரும்பினால் மலை இடது பக்கம் வந்துவிடுமே! அதனால் செங்கம் ரோடு, அடி அண்ணாமலை என்று மலையை முழுசாகச் சுற்றித்தான் வீடு சேருவான். ஒருமுறை தெரியாத்தனமாகக் கொத்தமல்லி வாங்கி வரச் சொல்லிவிட்டேன். கைக்கு வந்தபோது அது கொத்தமல்லியாக இல்லை, மூலிகையாக இருந்தது.

அண்ணாமலையார் மலைக்கு மட்டும் என்றால்கூடச் சரி. "மலைன்னா எல்லாம் மலைதான் அத்தை, அதுல இன்னா பெருசு சிறுசு?" என்பான். பக்கத்து மனையில் கொட்டி வைத்த ஜல்லிக் குவியலைக்கூட வலமாகத்தான் சுற்றிப் போவான். புதிதாக வந்த கொத்தனார் ஒருத்தர், அதற்குள் ஏதோ சாமி இருக்கிறதென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இப்படிப்பட்டவனுக்குப் போன வருஷம் ஒரு பெரிய அவமானம் நடந்தது. மெட்ராஸிலிருந்து சைக்கிள் ஓட்டுகிற ஒரு கூட்டம் வந்தது. அவர்களுக்குத் தலைவி ஒரு டாக்டரம்மா. கீழ்பென்னாத்தூர் தாண்டி இருக்கிற பாறைக் கரட்டை, அதாவது ஒரு குட்டி மலையை, சுற்றிக் காட்டுவதாக வலசுத்து கூட்டிக்கொண்டு போனான். வழிக்கு அவன் நம்பியது கைப்போனை. வெயிலில் போன் சூடாகி அணைந்தது. முள்ளுக் காட்டில் நாலு மணி நேரம் சுற்றிவிட்டு, எல்லோரும் ஒரு வேர்க்கடலைக் கொல்லையில் போய் விழுந்தார்கள். அறுவடை நேரம். கொல்லைக்காரர் வழி சொல்வதற்கு முன்னால், "வந்தது வந்துட்டீங்க, ஆளுக்கு நாலு செடி மல்லாட்டை ஆஞ்சி குடுத்துட்டுப் போங்க" என்று உட்கார வைத்துவிட்டார்.

டாக்டரம்மா நகத்தில் மண்ணோடு வந்து சொன்னார்: "தை மாசம் மறுபடியும் வர்றோம். அப்பவும் வழி தப்பினா, வேற ஆளப் பாத்துக்குவோம்ங்க."

அந்த வேற ஆள் தயாராகவே இருந்தார். டவுனில் லாட்ஜ் வைத்திருப்பவர். அவரும் வழிகாட்டப் புறப்பட்டிருந்தார். என் கடைக்கு வந்து மாவு வாங்குகிற சாக்கில், "எதிர் கடைக்காரருக்கு இனிமே பஞ்சர் ஒட்டற வேலை மட்டும்தான் அத்தை" என்று அவன் காதில் விழும்படி சொல்லிவிட்டுப் போனார். வலசுத்து காற்றடிக்கிற பம்ப்பை மட்டும் வேகவேகமாக அமுக்கினான். மெட்ராஸ் கூட்டம் கைவிட்டால் அந்தக் கடை ஓடாது. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மறுநாள் காலையில் வந்து நின்றான். "அத்தை, போன் சரிப்படாது. கையில பிடிக்கிற தனி ஜிபிஎஸ் மிஷின் வாங்கப்போறேன்."

"கரட்டுப் பக்கம் சிக்னலே இல்லன்ற. அது மட்டும் எப்பட்றா வழி காட்டும்?"

"அது நேரா சாட்டிலைட்டப் பாத்துக் கேட்டுக்கும்."

"நாம எதுனா சொன்னா அதுக்குக் கேக்குமா?"

"கேக்காது அத்தை."

"எங்க வீட்டுக்காரர் மாதிரினு சொல்லு."

அவனுக்குத் தெரிந்த மெட்ராஸ் கடைக்காரர் ஒருத்தர், ஓட்டிப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொள் என்று மூன்று மிஷின்களை அனுப்பினார். நான் என் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட இத்தனை விசாரிக்கவில்லை. அது வேறு கதை, மாப்பிள்ளையும் இதைப் படிப்பார்.

முதல் பரீட்சை என் கிரைண்டரில். "பாறையில சைக்கிள் இந்த மாதிரிதான் அத்தை ஆடும்" என்று, ஓடுகிற கிரைண்டர் மேல் மூன்றையும் சைக்கிள் ட்யூபால் கட்டினான். கண்ணாடி போலப் பளபளவென்று இருந்த பெரிய மிஷின் கட்டு நழுவி மாவுக்குள்ளேயே விழுந்தது. எடுத்துக் கழுவினோம், உயிரோடுதான் இருந்தது. ஆனால் ஈரக் கைக்கு அது அடங்கவில்லை. நான் ஒன்றைத் தொட்டால் இன்னொன்று திறந்தது. "வேர்த்த கையோட இத வச்சிக்கினு நான் கரட்டுல மல்லுக்கட்டவா?" என்று தள்ளிவிட்டான். அன்றைக்கு என்னிடம் மாவு வாங்கியவர்கள் இந்தப் பத்தியை மறந்துவிடவும்.

இரண்டாவது மிஷின் சின்னது, அழகு, ஆனால் வாயாடி. கோயிலிலிருந்து வேங்கிக்காலுக்கு வழி கேட்டிருக்கிறான். அது நேர் வழியைச் சொல்லியிருக்கிறது. இவன் மலையைச் சுற்றக் கிளம்பியதும் கீ கீ என்று கத்த ஆரம்பித்தது. கிரிவலப் பாதை முழுக்க இவனும் அதனோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தான். "எனக்குத் தெரியும், நீ சும்மா இரு! பொறந்ததுல இருந்து சுத்தறேன், எனக்கே வழி சொல்றியா?" வழியில் ஒரு சாமியார், இவன் கடவுளோடுதான் இவ்வளவு உரிமையாகப் பேசுகிறான் என்று நினைத்து விபூதி பூசிவிட்டார். அதோடு அந்த மிஷினுக்குக் கரண்டில் சார்ஜ் போட வேண்டும். "கரட்டுல ப்ளக் பாயின்ட்டு எந்தப் புதருல இருக்குது?" என்று அதையும் தள்ளினான்.

மூன்றாவது, பார்க்கவே சகிக்காது. கெட்டி ரப்பர் உடம்பு, துணி சோப்பு சைஸ், அழுத்துகிற பட்டன்கள். ஆனால் உச்சி வெயிலில் வைத்தாலும் படம் தெரிந்தது. பெட்டிக் கடையில் கிடைக்கிற பென்சில் பேட்டரி இரண்டு போட்டால் ஒரு நாள் பூராவும் ஓடியது. நாம் வந்த வழியைக் கோடாகப் போட்டு வைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் இருந்தது.

"கடைசி பரீட்சை உனக்குத்தான் அத்தை" என்றான். கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதுசாக வீடுகள் வந்திருக்கின்றன. எல்லா வீடும் ஒரே பெயின்ட், எல்லாத் தெருவும் ஒரே தெரு. என்னை அங்கே கூட்டிப் போய் ஏழெட்டு முறை திருப்பிவிட்டு, மிஷினைக் கையில் கொடுத்தான். ஒரு பட்டனில் குங்குமப் பொட்டு வைத்திருந்தான்.

"எழுத்தப் பாக்காத. பொட்ட அமுக்கு. கோடு நாம வந்த வழி. அம்பு நீ. அம்பு கோட்டு மேலயே போகணும், அவ்ளோதான்."

அமுக்கினேன். அம்பாக நடந்தேன். இரண்டு இடத்தில் கோட்டைவிட்டு இறங்கி ஏறினேன். கால் மணி நேரத்தில் என் கிரைண்டர் சத்தம் கேட்டது! கையெழுத்துக்குக் கட்டைவிரல் வைக்கிறவள் நான், சாட்டிலைட்டைப் பிடித்து வீடு வந்து சேர்ந்தேன். தெருவே வேடிக்கை பார்த்தது. வலசுத்து மிஷினைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, "இதான்! இதுவேதான்!" என்று ஜல்லிக் குவியலை மூன்று சுற்று சுற்றி வந்தான், வலமாக.

தை மாசம் டாக்டரம்மா பன்னிரண்டு பேரோடு வந்தார். கரட்டை வலது பக்கம் வைத்து முழுச் சுற்று, மூன்று மணி நேரம் என்பது திட்டம். கரட்டடியில் ரோட்டோரப் புளியமரத்தின் கீழே இட்லி அண்டாவோடு நான் காத்திருந்தேன். லாட்ஜ்காரரும் கார் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார், இவன் தொலைவதை நேரில் பார்க்க.

ஒன்றரை மணி நேரத்திலேயே புதருக்குள் சைக்கிள் மணி கேட்டது. அதுவும் போன பக்கத்திலிருந்தே. "அத்தை, அதுக்குள்ள திரும்பிட்டான் பாத்தியா? வழி தெரியல!" என்று லாட்ஜ்காரர் எழுந்து நின்றார்.

நடந்ததை டாக்டரம்மா பிறகு சொன்னார். கால்வாசி தூரத்தில் ஒருத்தர் பாறையிலிருந்து விழுந்துவிட்டார். மணிக்கட்டு உடைந்தது, நெற்றியில் ரத்தம். இப்படியே சுற்றி வந்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல். வந்த வழியே திரும்பினால் முக்கால் மணி நேரம், ஆனால் கரடு இடது பக்கம். எந்த ஒற்றையடிப் பாதையில் வந்தார்கள் என்று ஒருத்தருக்கும் நினைவில்லை. பன்னிரண்டு பேரும் வலசுத்துவைப் பார்த்தார்கள். அவன் தோள் துண்டை எடுத்து அடிபட்டவர் கையைத் தூக்கிக் கட்டினான். பொட்டு வைத்த பட்டனை அமுக்கினான். "என் பின்னாடியே வாங்க" என்று சைக்கிளைத் திருப்பினான்.

புதரை விலக்கிக்கொண்டு அவன்தான் முதலில் வந்தான். பின்னாலேயே அடிபட்டவரைத் தாங்கிக்கொண்டு பன்னிரண்டு பேரும், ஒரு ஆள் குறையாமல். லாட்ஜ்காரர் பாவம், காரின் பின் கதவைத் தானே ஓடிப்போய்த் திறந்தார். டாக்டரம்மா அடிபட்டவரோடு அதில் ஏறிக்கொண்டு, தலையை வெளியே நீட்டிச் சத்தமாகச் சொன்னார்: "அடுத்த வருஷமும் இவர்தாங்க! எந்த வருஷமும் இவர்தான்!"

கூட்டம் கைதட்டியது. நானும் கரண்டியால் அண்டாவில் தட்டினேன். கார் போய்விட்டது. வலசுத்து மட்டும் சைக்கிளைவிட்டு இறங்காமல், இடது கண்ணை இறுக்கி மூடியபடி நின்றுகொண்டிருந்தான்.

"இன்னாடா, கண்ணுல முள்ளு கிள்ளு குத்திடுச்சா?"

"இல்ல அத்தை." மெதுவாகச் சொன்னான். "அங்க இருந்து மூடிக்கினுதான் வந்தேன். மலை போயிடுச்சா, தொறக்கலாமா?"

கரடு அவனுடைய இடது கைப் பக்கம், கைநீட்டினால் தொடுகிற தூரத்தில், மலை மலையாக நின்றிருந்தது. நான் போய் அவனுக்கும் அதற்கும் நடுவில் நின்று, புடவை முந்தானையை அகலமாக விரித்துப் பிடித்தேன்.

"போயிடுச்சு நைனா. தொற."